கீறுங்கள், எழுதுங்கள், மூன்று மாதம் யாருக்கும் காட்டாதீர்கள்

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாறைச் சேர்ந்தவள். வயது 43. பள்ளிக்கூடக் காலத்தில் சித்திரப் பாடத்தில் நான்தான் முதல் ஆள். கவிதையும் எழுதினேன். இரண்டு கொப்பி நிறைய இருந்த கவிதைகள் 2004 சுனாமியோடு போய்விட்டன. பிறகு கலியாணம், பிள்ளைகள், வீட்டில் தையல் வேலை. ஆட்கள் போனில் படம் காட்டுவார்கள், அதைப் பார்த்துத் தைத்துக் கொடுப்பேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகன் இந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை), மகள் தரம் 8. அம்மாவும் எங்களோடுதான். தைப்பொங்கலுக்கு ஆசையாக ஒரு பெரிய சித்திரக் கொப்பியும் 24 நிற வர்ணப் பெட்டியும் வாங்கினேன். இன்றுவரை ஒரு கோடு விழவில்லை. பேனையை எடுத்தால் எங்கேயோ கேட்ட வரிகள்தான் வருகின்றன. எனக்குள் இருந்தது துருப்பிடித்துப் போய்விட்டதா? ஏதாவது வகுப்பில் சேர வேண்டுமா? சேலையில் படம் கீறி விற்கலாமே என்று கணவர் சொல்கிறார். அதில் இறங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

துருப்பிடிக்கவில்லை. அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போனில் தெரியும் ஒரு படத்தைப் பார்த்து, துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன்பே அதை மனதுக்குள் வெட்டி, மடித்து, ஓர் உடம்பில் போட்டுப் பார்த்துவிடுகிறீர்கள். தட்டையான துணி எங்கே வளையும், எங்கே சுருங்கும் என்று முன்கூட்டிக் காண்பதும் சித்திரம் கீறுகிறவருக்கு வேண்டிய திறனும் ஒன்றுதான். அது உங்களிடம் தினமும் வேலை செய்கிறது. ஆனால் நிறமும் கழுத்தும் கை நீளமும் வேறொருவருடைய தீர்மானம். நீங்களே தீர்மானிக்கிற வேலை ஒன்று உங்கள் நாளில் இல்லை. பிழைவிடக்கூடிய வேலையும் இல்லை: துணியில் பிழைத்தால் காசு போகும், சமையலில் பிழைத்தால் சாப்பாடு போகும், பிள்ளை வளர்ப்பில் பிழைத்தால் ஊர் கதைக்கும். இருபது வருடம் ஒரு பிழையும் விட இடமில்லாமல் இருந்த கை வெள்ளைத்தாளைக் கண்டதும் நின்றுவிடுவது இயல்புதான். நாம் திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.

1979 இல் தெரேசா அமாபிலி என்ற அமெரிக்க உளவியலாளர் பல்கலைக்கழக மாணவிகளிடம் நிறக் கடதாசித் துண்டுகளைக் கொடுத்து ஒட்டுப்படம் செய்யச் சொன்னார். ஒரு பகுதியினருக்கு, இதைக் கலைஞர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள் என்று முன்னரே சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை. மதிப்பீட்டை எதிர்பார்த்துச் செய்தவர்களின் படங்கள்தான் பொதுவாகப் படைப்பாற்றலில் கீழே நின்றன. யாரோ பார்க்கப்போகிறார் என்ற நினைப்பே, கை தெரிந்த வழியிலேயே போகப் போதுமானது. உங்கள் பேனையிலிருந்து ‘எங்கேயோ கேட்ட வரிகள்’ வருவதற்கும் இதுவே முக்கிய காரணம். பிழையில்லாதது என்று ஏற்கெனவே ஊர் ஒத்துக்கொண்ட வரிகள் அவை.

ஆகவே முதல் நிபந்தனை: மூன்று மாதத்துக்கு யாருக்கும் காட்டாதீர்கள். கணவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். மகளுக்குக்கூட வேண்டாம். அவள் “வடிவா இருக்கு அம்மா” என்று சொன்னால் அடுத்த படத்தை வடிவாக வர வைக்கப் பார்ப்பீர்கள், அங்கேயே பழைய சிக்கல் திரும்பிவிடும். பேஸ்புக் அறவே வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே நிற்கிறேன், ஏனென்றால் திரும்பத் தொடங்கும் பெண்கள் பலர் இரண்டாம் கிழமையில் நின்றுவிடுவதற்கு, முதல் கிழமையில் செய்ததை யாருக்கோ காட்டியதே காரணமாக இருக்கிறது. பாராட்டு வந்தாலும் நிற்கிறார்கள், வராவிட்டாலும் நிற்கிறார்கள்.

பெரிய சித்திரக் கொப்பியை இப்போதைக்கு அலுமாரியில் வைத்துவிடுங்கள். அவ்வளவு பெரிய தாள் இரண்டு மணி நேர வேலையைக் கேட்கும். உங்களிடம் இருபது நிமிடம்தான் இருக்கிறது. ஏ4 தாளை நான்காக வெட்டினால் வரும் ஏ6 அளவு போதும். அது 12 நிமிடத்தில் நிரம்பும், பிழைத்தால் இன்னொன்று இருக்கும். எழுதுவதற்குப் பிள்ளைகள் பாவிக்கிற 80 பக்க ஒற்றை றூல் கொப்பியே நல்லது. அழகான மட்டை போட்ட டயறி வாங்க வேண்டாம். அதில் அழகாக எழுத வேண்டும் என்ற பயம் வரும்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுங்கள். வெட்டிய தாள் ஐம்பது, ஒரு எச்.பி. பென்சில், ஒரு 4பி பென்சில், பென்சில் சீவும் கட்டர், அந்தக் கொப்பி, ஒரு நீலப் பேனை. அழிறப்பர் வைக்க வேண்டாம். அழிறப்பர் இருந்தால் கீறும் நேரத்தைவிட அழிக்கும் நேரம் கூடிவிடும். டின் மூடியோடு இருப்பதும் முக்கியம். கடற்கரைக் காற்றில் தாள் ஈரம் குடிக்கும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். தாளைப் பொலித்தீன் பைக்குள் போட்டு டின்னுக்குள் வையுங்கள். எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் இருந்தால் தொடங்க அரை நிமிடம். பென்சில் மகனின் மேசையில், தாள் அலுமாரியில், கட்டர் குசினி ஜன்னலில் என்று இருந்தால் தேடி முடிவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

இடம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படுகிறது. கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். (சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று கணவர் பெயரில் பதியப்பட்டதையும் மறக்க முடியாது.) இப்படி வீட்டுக்கே உரித்தான பெண்ணுக்கு அந்த வீட்டுக்குள் இரண்டடி மேசை கிடைப்பதில்லை. மகனுக்குப் படிப்பு மேசை இருக்கும், சாமிக்கு அறை இருக்கும், விருந்தாளிக்குக் கதிரை இருக்கும். உங்களுக்கு இருப்பது தையல் மெசின் மேசை, அது கூலி வேலையின் மேசை. அதில் வேண்டாம். இரண்டடிக்கு ஒன்றரை அடி பலகை ஒன்று, சுவரைப் பார்த்த ஒரு மூலை, நேராக முதுகு வைக்கக்கூடிய ஒரு கதிரை இருந்தால் போதும். அந்த இடத்தில் வேறு ஒரு பொருளும் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். உடுப்பு மடித்து வைத்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டால் அது உடுப்பு வைக்கும் இடமாகிவிடும்.

நேரத்துக்கு வருவோம். அதிகாலை நாலு மணிக்கு எழும்புங்கள் என்ற ஆலோசனையை நான் தரமாட்டேன். வீட்டில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழும்புபவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்த நித்திரையிலும் ஒரு மணி நேரத்தை வெட்டினால் முதலில் குறைவது கவனமும் பொறுமையும். பிள்ளைகள் பின்னேரம் ரியூசனுக்குப் போகும் நேரத்தை எடுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் கிடைக்காது. “பிள்ளைகள் போய்ப் படலை சாத்தியதும் மெசினுக்குப் போகாமல் டின்னைத் திறப்பேன்” என்று ஒரு நிகழ்வோடு சேர்த்து முடிவெடுங்கள். இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைத்த எண்ணம், வெறும் ஆசையைவிடச் செயலாகும் வாய்ப்புக் கூடியது என்று பீற்றர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார்.

கிழமைக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு 20 நிமிடம். நேரம் கூடக் கிடைத்தாலும் முதல் மாதத்தில் அதற்கு மேல் வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலியின் குழு செய்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு வரவில்லை. கோயில் சடங்கு, பிள்ளைக்குக் காய்ச்சல், அவசரத் தையல் என்று ஒரு நாள் போனால் மறுநாள் தொடருங்கள். போனதற்கு ஈடாக 40 நிமிடம் இருக்க வேண்டாம்.

இடையூறு வரும். அம்மா கூப்பிடுவார், மீன்காரர் ஹோர்ன் அடிப்பார், வாடிக்கையாளர் சட்டைக்கு வருவார். கடினம் இடையூறில் இல்லை, திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுவதில்தான் இருக்கிறது. எழும்பும் முன் பத்து விநாடி எடுத்துத் தாளின் ஓரத்தில் அடுத்தது என்ன என்று எழுதிவிட்டு எழும்புங்கள்: “இடப்பக்க நிழல்” அல்லது “அம்மா என்ன பதில் சொன்னா?” என்று இரண்டு சொல் போதும். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போதும் இதே மாதிரி, முடித்து வைக்காமல் பாதி வரியில் நிறுத்துங்கள். மறுநாள் வெறுந்தாளில் தொடங்கத் தேவையில்லை.

இனி உள்ளே செய்ய வேண்டிய வேலை. முதல் இரண்டு கிழமை கீறல் மட்டும்.

வீட்டில் கோணல்மாணலான ஒரு பொருளை எடுங்கள்: தேங்காய்த் திருவலை, கத்தரிக்கோல், உங்கள் கையே. பொருளை மட்டும் பாருங்கள், தாளைப் பார்க்க வேண்டாம். கண் பொருளின் ஓரத்தில் எறும்பு ஊரும் வேகத்தில் போகட்டும், பென்சில் அதே வேகத்தில் தாளில் போகட்டும். ஐந்து நிமிடம், பென்சில் தூக்காமல். வருவது திருவலை மாதிரி இருக்காது, இருக்கவும் கூடாது. இந்தப் பயிற்சி கண்ணுக்குத்தான். நமக்குத் தெரிந்த திருவலையைக் கீறாமல் முன்னால் இருக்கும் திருவலையைக் கீறப் பழக்கும். எல்லோரும் இங்கே விடும் பிழை, இடையில் தாளைப் பார்த்துவிடுவது. ஒரு காட்போட் துண்டின் நடுவில் துளை போட்டுப் பென்சிலை அதற்குள் விட்டுப் பிடியுங்கள், கைக்குக் கீழே இருப்பது மறைந்துவிடும். இரண்டாவது பிழை, அவசரம். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டால் கண் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதே பொருளைத் திரும்ப, பாதி வேகத்தில்.

இரண்டாம் கிழமை, பொருளைக் கீறாமல் பொருள்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தைக் கீறுங்கள். கதிரையின் கால்களுக்கு இடையில் தெரியும் துண்டுகள், ஜன்னல் கம்பிக்கும் தென்னோலைக்கும் நடுவில் தெரியும் வானம். தையல்காரருக்கு இது சட்டென்று பிடிபடும். கைக்குழி வெட்டும்போது நீங்கள் வெட்டி எடுக்கும் துண்டின் வடிவத்தைப் பார்த்துத்தானே வெட்டுகிறீர்கள்.

மூன்றாம் கிழமையில் வர்ணம். 24 நிறத்தில் மூன்றை மட்டும் வெளியே எடுங்கள்: எலுமிச்சை மஞ்சள், கடுஞ்சிவப்பு (கிரிம்சன்), அல்ட்ராமரின் நீலம். கறுப்பை ஒளித்து வையுங்கள். குழாயிலிருந்து வரும் கறுப்பை நிழலுக்குப் போட்டால் படம் செத்துவிடும். மஞ்சளும் நீலமும் மட்டும் எடுத்து, ஒன்பது பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு நீலம் என்பதிலிருந்து ஒரு பங்கு மஞ்சளுக்கு ஒன்பது பங்கு நீலம் வரை சிறு கட்டங்களாக ஒன்பது பச்சை செய்யுங்கள். மஞ்சள் கூடிய முனையில் நாற்றுப் பச்சை வரும். நடுப் பச்சையில் ஊசிமுனையளவு சிவப்பைத் தொட்டால் கண்டல் இலையின் மங்கல் பச்சை வரும். மூன்றும் சேர்ந்து நீலம் சற்றுக் கூடினால் மழைக்கு முந்திய வாவியின் சாம்பல். இந்தக் கட்டங்கள் ஒரு கிழமை வேலை. படம் ஒன்றும் கீறத் தேவையில்லை. மூன்றுக்கு மேல் நிறம் கலந்தால் சேறாகும். தூரிகை கழுவ இரண்டு தகரத் தண்ணீர் வையுங்கள், ஒன்று அழுக்குக் கழுவ, மற்றது நிறம் கரைக்க. ஒரே தண்ணீரில் இரண்டையும் செய்தால் மஞ்சள் ஒருநாளும் மஞ்சளாக வராது.

தாள் பற்றியும் சொல்ல வேண்டும். 80 ஜீ.எஸ்.எம். (தாளின் பாரத்தைச் சொல்லும் அளவு) போட்டோக்கொப்பித் தாள் தண்ணீர் பட்டதும் நெளியும். அதைத் தன் பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நீர்வர்ணத்துக்கு 200 ஜீ.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட தாள் வேண்டும், அதையும் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வர்ணம் தூரிகையை எடுக்கும் முன்பே காய்ந்து, ஓரத்தில் கோடு விழும். அந்த நாட்களில் தாளை முதலில் தண்ணீரால் நனைத்துக்கொண்டு, காற்று வரும் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள். மாரியில் எதிர்ப்பிரச்சினை: ஒரு பூச்சுக் காய அரை மணி நேரமும் ஆகலாம், காயும் முன் அடுத்ததைப் போட்டால் இரண்டும் கலங்கும். மழை நாளில் பென்சில் வேலைக்குப் போங்கள், அல்லது எழுதுங்கள்.

எழுத்து. இரண்டாம் மாதத்தில் தொடங்கலாம், கீறலும் எழுத்தும் ஒன்றுவிட்ட ஒருநாளாக. 12 நிமிடம் மணி வைத்து, பேனை நிற்காமல் எழுதுங்கள். வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பற்றி மட்டும், ‘நான்’ என்ற சொல் வராமல். எழுதியதை இரண்டு கிழமைக்குத் திரும்பி வாசிக்க வேண்டாம்.

உங்களுக்கு வரும் ‘எங்கேயோ கேட்ட வரி’களுக்கு ஒரு நேரடி மருந்து உண்டு. கொப்பியின் முதல் பக்கத்தில் பாவிக்கக் கூடாத சொற்களை எழுதுங்கள்: சிறகு, கூண்டு, மௌனம், விடியல், ரணம், கண்ணீர், முள். இந்தச் சொற்களில் குற்றமில்லை. ஆனால் எத்தனையோ பேர் பாவித்துப் பாவித்து அவை உங்கள் வீட்டு வாசலைக் கண்டதே இல்லாத சொற்களாகிவிட்டன. “என் மௌனம் உடைகிறது” என்று எழுதினால் யார் வீட்டு மௌனம் என்று தெரியாது. “கரண்ட் போய் மெசின் நின்றது, அம்மா குசினிக்குள் பாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் கேட்டது” என்று எழுதுங்கள். அதில் மௌனம் என்ற சொல் இல்லை. ஆனால் எத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்பது வந்துவிடுகிறது.

இன்னொரு தடை, எழுத்துத் தமிழ். கவிதை என்றதும் மேடைத் தமிழ் வர வேண்டும் என்று நினைப்பதால் வாய் கட்டிவிடுகிறது. உங்கள் அம்மா கதைப்பதைப் போலவே எழுதுங்கள். ‘மறுகா வாறன்’, ‘கிறுகிப் பாரு’, ‘என்னகா இது’ எல்லாம் அப்படியே தாளில் வரட்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் பெண்கள் வாய்மொழியாகக் கட்டிய தாலாட்டும் ஒப்பாரியும் ஊஞ்சல் பாட்டும் இந்தப் பேச்சிலேயே இருக்கின்றன. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் வழங்கும் நான்கு வரிக் கவியும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் கவி கட்டினார்கள், அதற்கு நேரம் ஒதுக்கவில்லை, கைவேலையோடு வந்தது. அந்தக் கவியை ஒரு பயிற்சியாக எடுங்கள்: மச்சான், மகனே, உம்மா, அம்மா என்று யாரையாவது கூப்பிட்டு நான்கே வரி. முதல் இரண்டு வரியில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு காட்சி, பின் இரண்டில் மனதில் இருப்பது. மெசின் மிதிக்கும்போது மனதுக்குள் கட்டலாம், சத்தமாகச் சொல்லிப் போனில் பதியலாம். நான்கு வரிக்கு மேல் நீள விடாதீர்கள், நீண்டால் அறிவுரை புகுந்துவிடும்.

அம்மா அருகில் இருப்பது பெரிய பாக்கியம். அவருக்குத் தெரிந்த தாலாட்டையும் கண்ணகி அம்மன் சடங்கில் கேட்ட பாட்டுகளையும் கேட்டுப் பதியுங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். “பாட்டுச் சொல்லுங்கோ” என்றால் வராது. “என்னைத் தொட்டிலில் போட்டு என்ன பாடினீங்க” என்று கேட்டால் வரும்.

போன கொப்பிகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன இழப்பு அல்ல. அந்த நாளில் ஆட்களை இழந்த ஊரில், கொப்பிக்கு அழுவதற்கு ஒருவருக்கும் வாய் வந்திருக்காது. அதற்கு முந்திய யுத்த காலத்தில், வீட்டைச் சோதனையிட வருவார்கள் என்று பயந்து எழுதியதைத் தாங்களே எரித்த பெண்களும் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அழுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு மணி நேரம் தனியாக எடுத்து, அந்தக் கவிதைகளில் நினைவிருக்கும் வரிகள், தலைப்புகள், எந்த இடத்தில் இருந்து எழுதியது என்பதை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். அதோடு நிறுத்துங்கள். அவற்றைத் திரும்ப எழுதி எடுக்கப் பார்க்க வேண்டாம். நினைவில் அவை உண்மையில் இருந்ததைவிட அழகாக வளர்ந்திருக்கும், இன்றைக்கு எழுதும் எதுவும் அதன் பக்கத்தில் தோற்றுப்போகும்.

அந்த நாளைப் பற்றியே எழுத வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் கொடிய அனுபவத்தை நடந்ததும் உணர்ந்ததுமாக நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாக இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் வைத்தியரிடம் போவது குறைந்தது. நீங்கள் செய்வதானால் இரவில் வேண்டாம். எழுதிய பிறகு முகம் கழுவி, வெளிச்சத்தில் நடந்து, வேறு ஒருவரோடு பேசக்கூடிய நேரமாகப் பாருங்கள். எழுதும்போது உடம்பு நடுங்கினால், அந்த இடத்துக்கே திரும்பிப் போனது போல இருந்தால், உடனே நிறுத்திவிட்டு வேறு விடயத்துக்கு மாறுங்கள். அது தோல்வி அல்ல. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், எழுத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

உடம்பையும் கவனியுங்கள். எதிலும் ஆசை வரவில்லை, பின்னேரமானால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது என்பவற்றைச் சோம்பல் என்று பெண்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்கிறார்கள். 43 வயதில் அது இரத்தசோகையாகவோ தைரொயிட் குறைபாடாகவோ இருக்கலாம். ஹீமோகுளோபின் 12 இற்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதிக்கிறார்கள். களைப்பைப் பற்றி அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

“இந்த வயசில என்னகா படம் கீறல்” என்று வீட்டில் கேட்பார்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள், விளக்கினால் அது விவாதமாகும். நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்: “மூன்றரையிலிருந்து மூன்று ஐம்பது வரைக்கும் கூப்பிட வேணாம் அம்மா, அதுக்குப் பிறகு தேத்தண்ணி போட்டுத் தாறன்.” மகனுக்கு ஓ.எல். வருடம் என்பதால் குற்ற உணர்வு வரும். நீங்கள் எடுப்பது அவன் ரியூசனில் இருக்கும் நேரத்தைத்தான், அவன் படிப்பில் ஒன்றும் குறையாது.

வகுப்புக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். வகுப்பில் முதல் நாளே ஒருவர் உங்கள் கோட்டைத் திருத்துவார். மூன்று மாதம் கழிந்து, ‘நீர்வர்ணத்தில் முகம் வரவில்லை’, ‘கதையில் உரையாடல் நிற்கவில்லை’ என்று உங்களுக்கே ஒரு குறிப்பான கேள்வி வந்த பிறகு போனால் வகுப்பு பயன் தரும். அதுவரைக்கும் பார்க்கப் போங்கள். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மாணவர்களின் சித்திரக் கண்காட்சி வைக்கப்படும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒரே ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வகுப்பைவிட உங்களுக்குத் தேவை இரண்டு பெண்கள். நான்காம் மாதத்தில் எழுதுகிற, கீறுகிற, பாடுகிற இரண்டு பேரைச் சேருங்கள். நாலு பேருக்கு மேல் வேண்டாம். மாதத்தில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை, ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு 15 நிமிடம். காட்டுகிறவர் “இது சரியில்லை, சும்மா செய்தது” என்று தொடங்கக் கூடாது. கேட்கிறவர் “நல்லா இருக்கு” என்றும் சொல்லக் கூடாது, திருத்தமும் சொல்லக் கூடாது. எந்த வரி மனதில் நின்றது, எந்த இடத்தில் கண் போய் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். போனில் படம் எடுப்பதில்லை, அங்கே கேட்டதை வெளியே கதைப்பதில்லை. இந்தக் கடைசி விதி தளர்ந்தால் கூட்டம் இரண்டு மாதத்தில் கலைந்துவிடும். ஊர் சின்னது.

சேலை விற்பனை: கணவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனாலும் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். இப்போதே தொடங்கினால் முதல் ஐந்து சேலைக்கும் ஒரே மயிலைக் கேட்பார்கள், உங்களுக்கென்று பிடித்துவைத்த இருபது நிமிடம் மயிலுக்குப் போய்விடும். பிறகு தொடங்கும்போது சேலைக்கான வர்ணம், மேசை, நேரம் மூன்றும் தையலோடு சேரட்டும். டின்னுக்குள் இருப்பது விற்பனைக்கு வரக் கூடாது.

செய்முறையையும் இப்போதே தெரிந்து வையுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலையானாலும் கடைச் சேலையானாலும் புதுப் பருத்தியில் கஞ்சி இருக்கும். அதைக் கழுவிப் போக்காமல் கீறினால் வர்ணம் நூலுக்குள் இறங்காமல் மேலே நின்று, இரண்டாம் மூன்றாம் கழுவலில் உரியும். நீங்கள் இப்போது வைத்திருக்கும் நீர்வர்ணம் துணிக்கு ஆகாது, துணிக்கான வர்ணம் வேறு. கீறி 24 மணி நேரம் நிழலில் காயவிட்டு, உட்பக்கமாக, ஆவி இல்லாமல், இடத்துக்கு இடம் இரண்டு மூன்று நிமிடம் ஸ்திரிக்கை போடுங்கள். முதலில் ஒரு துண்டுத் துணியில் செய்து நாலு தரம் கழுவிப் பாருங்கள். விலை வைக்கும்போது துணிக் காசையும் வர்ணக் காசையும் மட்டும் கூட்டிவிட்டு நிற்கிறார்கள் நம் பெண்கள். எத்தனை மணி நேரம் குனிந்திருந்தீர்கள் என்று ஒவ்வொரு சேலைக்கும் எழுதி வையுங்கள். அதே மணி நேரத்தில் சட்டை தைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதையும் சேருங்கள். அந்தத் தொகைக்குக் குறைவாகக் கேட்பவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம்.